வீடு ஏலத்துக்கு வருமுன்

(கருங்குழியில் நடந்த உழவர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசவே நாங்கள் வழக்கமாக உங்கள் ஊருக்கு வருகிறோம். இன்று பேசப்போவது வீட்டைப் பற்றி. அதற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற முறை நவரைப் பட்டத்து நாற்றங்கால் பற்றிப் பேச இப்பக்கம் வந்திருந்தேன். கூட்டம் முடிந்தபின் ஓர் அம்மையார் என்னிடம் ஓர் உறையை நீட்டினார். வங்கியிலிருந்து வந்த பதிவுத் தபால். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததால் ஓரத்தில் குங்குமக் கறை படிந்திருந்தது. உறை பிரிக்கப்படவே இல்லை. "பிரிக்கவே பயமா இருந்துச்சுங்க ஐயா" என்றார். பிரித்துப் பார்த்தோம். வீட்டின் பேரில் வாங்கிய கடனை 60 நாளுக்குள் செலுத்த வேண்டும், தவறினால் வீட்டைக் கைப்பற்றி விற்போம் என்ற அறிவிப்பு அது. கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணினால் 41 நாள்கள் போய்விட்டன. மீதி இருந்தது 19 நாள்கள்.

அந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் ஒன்றை மட்டும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடனில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் கடனாளிக்குச் சில வழிகள் உண்டு. முதற்கட்டத்தில் வழிகள் அதிகம், செலவு குறைவு. நாள் செல்லச் செல்ல வழிகள் குறையும், செலவு கூடும். இலைப்புள்ளி தோன்றியவுடன் மருந்து தெளிப்பதற்கும் கதிர் பதரான பிறகு தெளிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

வயல் கணக்கும் வங்கிக் கணக்கும்

நம் பகுதியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம்தான் பணம் கைக்கு வருகிறது. கரும்பு போட்டவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை. சவுக்கு நட்டவருக்கு மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. வீட்டுக் கடனோ மாதந்தோறும் தவணை கேட்கிறது. இதை ஈடுகட்டப் பல வீடுகளில் மகனோ மகளோ தொழிற்சாலையில் பெறும் சம்பளத்தை நம்பியிருக்கிறார்கள். அந்தச் சம்பளம் நின்றால் தவணையும் நிற்கிறது.

இன்னொரு வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. பயிர்க்கடனில் குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவமும், ஓராண்டுக்கு மேற்பட்ட நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவமும் நிலுவை நின்ற பிறகே வங்கி அதை வாராக் கடனாகக் கணக்கிடுகிறது. வீட்டுக் கடனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தவணை நிலுவை 90 நாளைத் தாண்டினால் அது வாராக் கடன். "பயிர்க்கடனுக்குப் பொறுத்தார்களே, இதற்கும் பொறுப்பார்கள்" என்று எண்ணி இருந்துவிட்டு அகப்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. எனவே புதிதாகக் கடன் வாங்குவோர், தம் வருமானம் எந்த மாதங்களில் வருகிறதோ அதை ஒட்டித் தவணை அமைத்துத் தரும்படி தொடக்கத்திலேயே வங்கியிடம் கேட்பது நலம். அது கிடைக்காவிட்டால், அறுவடைப் பணத்திலிருந்து ஆறு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட வேண்டும். விதைநெல்லை எடுத்து வைப்பது போல அதை எடுத்து வைக்க வேண்டும்.

முதல் தவணை தவறும்போது

தவணை கட்ட முடியாது என்று தெரிந்தவுடன், தவறுவதற்கு முன்பே, வங்கிக்குச் செல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது. வேலை போனது, நோய், பயிர் அழிவு என எது காரணமோ அதை எழுதி, சான்றுகளை இணைத்துக் கொடுத்து, நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டத்தில் உங்களுக்குள்ள வழிகள் வருமாறு:

1. கடன் காலத்தை நீட்டித்தல். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 10 லட்சம் ரூபாய் கடன், வட்டி 12 விழுக்காடு, காலம் 15 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 12,002 ரூபாய். காலத்தை 20 ஆண்டாக்கினால் தவணை 11,011 ரூபாய். மாதம் 991 ரூபாய் குறைகிறது. ஆனால் மொத்தத்தில் நீங்கள் கட்டுவது ஏறத்தாழ 4 லட்சத்து 82 ஆயிரம் ரூபாய் கூடுகிறது. எனவே நீட்டிப்பு மூச்சு வாங்க உதவும், கடனைக் குறைக்க உதவாது. கையில் பணம் வந்தவுடன் அசலில் ஒரு பகுதியைச் செலுத்திக் காலத்தைத் திரும்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

2. குறைந்த வட்டிக்கு மாறுதல். அதே 10 லட்சம் ரூபாயை அதே 15 ஆண்டுக்கு 9 விழுக்காட்டில் பெற்றால் தவணை 10,143 ரூபாய்தான். மாதம் 1,859 ரூபாய் மிச்சம். தனியார் நிதி நிறுவனத்தில் கூடுதல் வட்டிக்கு வாங்கியவர், பொதுத்துறை வங்கிக்குக் கடனை மாற்றிக்கொள்ள முயலலாம். தனி நபர் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அதற்கெனக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் இவ்வழி தவணை தவறாதவருக்கே திறந்திருக்கும். ஒரு முறை கணக்கு கெட்டுவிட்டால் வேறு வங்கி ஏற்காது.

3. இயற்கைச் சீற்றத்தால் ஏற்பட்ட இடர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், சென்னை மாவட்டங்களைப் பாதித்தது. இவ்வாறு அரசு அறிவிக்கும் இடர்க்காலங்களில் கடனை மாற்றியமைக்க வங்கிகளுக்கு நெறிமுறைகள் உள்ளன. பாதிப்புச் சான்றுடன் உடனே விண்ணப்பித்தால் பயன் கிடைக்கலாம்.

4. காப்புறுதி. பல வீட்டுக் கடன்களுடன் ஆயுள் காப்புறுதியும் சேர்த்தே எடுக்கப்பட்டிருக்கும். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், கடன் பத்திரங்களில் அத்தகைய பாலிசி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துக்கத்தில் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, இருந்த நகையை விற்றுத் தவணை கட்டிய குடும்பங்கள் உண்டு.

தாமதத்துக்கான அபராதத்தைப் பற்றியும் ஒரு சொல். 2024 ஏப்ரல் முதல், அபராதத்தை வட்டியோடு சேர்த்து, வட்டிக்கு வட்டியாக வளர்க்க வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அனுமதி இல்லை. அபராதத்தைத் தனிக் கட்டணமாகவே காட்ட வேண்டும். கணக்கு விவர அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பதிவுத் தபால் வந்த பிறகு

90 நாளும் கடந்து கணக்கு வாராக் கடன் ஆனபின், வங்கி 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கலாம். இச்சட்டத்தில் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலேயே ஈடு வைத்த சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. இதனால்தான் நாள் கணக்கு இவ்வளவு முக்கியமாகிறது.

முதலில் வருவது 13-ஆம் பிரிவு, 2-ஆம் உட்பிரிவின்படியான அறிவிப்பு. கடன் தொகை எவ்வளவு, எந்தச் சொத்து ஈடு என்பவை அதில் இருக்க வேண்டும். அறிவிப்பின் தேதியிலிருந்து 60 நாள் அவகாசம். இந்த 60 நாளுக்குள் நீங்கள் எழுத்து மூலம் மறுமொழி தரலாம். கட்டிய தவணை வரவு வைக்கப்படவில்லை, தொகை தவறு, ஈடாகக் குறித்த நிலம் வேளாண் நிலம், நிலுவையை இன்ன தேதிக்குள் கட்டுகிறேன் என எது உண்மையோ அதை எழுதலாம். உங்கள் மறுமொழியை வங்கி ஏற்கவில்லை என்றால், 15 நாளுக்குள் காரணத்தைக் குறிப்பிட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நிலுவை முழுவதையும் செலுத்திவிட்டால் கணக்கு மீண்டும் நல்ல நிலைக்கு வரும். பாதி நிலுவையைக் கட்டினால் வாராக் கடன் என்ற பெயர் நீங்காது. எனவே சிறுகச் சிறுகக் கட்டுவதைவிட, முழு நிலுவை எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்று, அதைத் திரட்டுவதில் முனைய வேண்டும்.

ஒரே தவணையில் கடன் தீர்க்கும் திட்டம் சில வங்கிகளில் உண்டு. வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, குறித்த நாளுக்குள் ஒரு தொகையைப் பெற்றுக் கணக்கை முடித்துக்கொள்வார்கள். இதை உரிமையாகக் கேட்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியிருக்கிறது. வங்கி ஒப்பினால்தான் உண்டு. ஒப்பினால் எழுத்தில் பெறுங்கள். குறித்த நாளைத் தவறவிட்டால் சலுகை ரத்தாகலாம். இவ்வாறு முடித்த கடன் 'முழுதும் கட்டியது' என்று பதிவாகாது என்பதால், பின்னால் வேறு கடன் பெறுவது கடினமாகலாம் என்பதையும் அறிந்து செய்யுங்கள்.

வயலுக்கு உள்ள காப்பு

சர்ஃபேசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு சிலவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. அவற்றுள் உழவருக்கு முக்கியமானது, வேளாண் நிலத்தின் மீதான ஈட்டுரிமைக்கு இச்சட்டம் பொருந்தாது என்பது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத ஈட்டுக்கும், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பாக்கி நிற்கும் கடனுக்கும்கூட இது பொருந்தாது.

ஆனால் வேளாண் நிலம் என்று சொன்னால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் எழுந்த ஒரு வழக்கில், நிலத்தின் தன்மை, அது பயன்படும் விதம் உள்ளிட்ட எல்லாவற்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியது. வருவாய்ப் பதிவேட்டில் வேளாண் நிலம் என்றிருப்பது மட்டும் போதாது, உண்மையில் பயிரிடப்பட வேண்டும் என்று 2023-இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எத்தனையோ வயல்கள் இன்று கல் நட்ட மனைகளாகக் கிடக்கின்றன. மனையாக்கிய நிலத்துக்கு இந்த விலக்கைக் கேட்பது கடினம். எனவே பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களும், விதை, உரம் வாங்கிய ரசீதுகளும் கையில் இருக்கட்டும். பயிரிட்டதற்கு அவையே சாட்சி. விலக்கு கிடைத்தாலும் கடன் தீர்ந்துவிடாது. வங்கி உரிமையியல் நீதிமன்றத்துக்கோ, 20 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடனாயின் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கோ போகலாம். அங்கே வழக்கு நடக்கும் காலம் உங்களுக்குக் கிடைக்கும், அவ்வளவே.

குடியிருக்கும் வீட்டைப் பற்றியும் ஒரு செய்தி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, உழவர் தாம் குடியிருக்கும் வீட்டைச் சாதாரணக் கடனுக்கான தீர்ப்பில் ஜப்தி செய்யாமல் காக்கிறது. உழைப்பாளிக்கும் இக்காப்பு உண்டு. ஆனால் அதே வீட்டை நீங்களே ஈடு வைத்துவிட்டால், அந்த ஈட்டுக் கடனுக்கு இந்தக் காப்பு கிட்டாது. சட்டம் நம் வீட்டுக்குப் போட்டிருக்கும் வேலியை, ஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடும்போது நாமே பிரித்து விடுகிறோம். கடன் வாங்குமுன் நினைக்க வேண்டியது இது. மனைவியும் மகனும் உடன் கடனாளியாகவோ பிணையாளியாகவோ கையெழுத்திட்டால், அவர்களும் அக்கடனுக்குப் பொறுப்பாவார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கைப்பற்றலும் ஏலமும்

60 நாள் முடிந்தபின் வங்கி, சொத்தைக் கைப்பற்றியதாக வீட்டின் மீது அறிவிப்பு ஒட்டும். அந்த அறிவிப்பை இரண்டு நாளிதழ்களிலும் வெளியிடும். அவற்றில் ஒன்று நம் மொழி இதழாக இருக்க வேண்டும். முதலில் இது பெரும்பாலும் தாளளவிலான கைப்பற்றல்தான். வீட்டிலிருந்து வெளியேற்ற வேண்டுமாயின், வங்கி மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரியின் உத்தரவை நாடுவது வழக்கம். யாரோ நாலு பேர் வந்து பூட்டுப் போடுவதும் மிரட்டுவதும் சட்டம் ஆகாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் அறிவுறுத்தியுள்ளது.

கைப்பற்றல் நடவடிக்கையில் குறை இருப்பதாக எண்ணினால், 45 நாளுக்குள் சென்னையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். இங்கே பலர் தவறு செய்கிறார்கள். உள்ளூர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்டு வழக்குப் போட்டுப் பணத்தையும் நாளையும் இழக்கிறார்கள். சர்ஃபேசி நடவடிக்கையில் தலையிட அந்நீதிமன்றத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை. தீர்ப்பாயத்தில் மனு போட்டதாலேயே ஏலம் நின்றுவிடாது என்பதையும் அறிய வேண்டும். தனியாகத் தடையுத்தரவு பெற வேண்டும். அதற்குக் கடனில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வது வழக்கம்.

அடுத்தது ஏலம். விற்பனைக்குமுன் 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். மதிப்பீட்டாளரைக் கொண்டு மதிப்பிட்டுக் குறைந்தபட்ச விலை குறிக்க வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்புவரை முழுக் கடனையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கலாம். இது 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உள்ள நிலை. "ஏலத்தன்று காலையில் கட்டிக்கொள்ளலாம்" என்று முன்பு கேள்விப்பட்டதை நம்பி இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறிவிப்பு வெளியானதும் மீட்கும் உரிமை போய்விடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவாகவே கூறிவிட்டது.

ஏலத்தில் வந்த தொகை கடனைவிட அதிகமானால் மீதி உங்களுக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்குங்கள். குறைந்தால் மீதிக் கடன் உங்கள் தலைமேல் நிற்கும். வீடும் போய்க் கடனும் நிற்கும் நிலை இதுதான்.

தாமே விற்பது இழுக்கு ஆகாது

சிலருக்கு எவ்வகையிலும் கடனைத் தொடர இயலாது. அப்படிப்பட்டவர், ஏலம் வரும்வரை காத்திராமல், வங்கியின் சம்மதத்தோடு தாமே வாங்குவோரைத் தேடி விற்பது நல்லது. ஏலத்தில் சொத்து வாங்குவோர் மலிவாகக் கிடைக்கும் என்றே வருகிறார்கள். நாமே விற்றால் அக்கம்பக்கத்து விலை கிடைக்கும். வீட்டைக் காக்க வேறொரு துண்டு நிலத்தை விற்பதா, நிலத்தைக் காக்க வீட்டை விற்பதா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். சோறு போடுவது எது, வாடகைக்குக் கிடைக்கக் கூடியது எது என்று பாருங்கள். வீடு வாடகைக்குக் கிடைக்கும். ஏரிப் பாசன நஞ்சை மீண்டும் கிடைப்பது அரிது. ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணத்தை இக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

செய்யக் கூடாதவை

முதலாவது, வங்கித் தவணையைக் கட்ட வட்டிக்கடைக்குப் போவது. நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. ஐந்து வட்டி என்றால் 60 விழுக்காடு. 12 விழுக்காட்டுக் கடனை அடைக்க 60 விழுக்காட்டில் வாங்குவது, கரையான் அரித்த கதவைக் காக்க வீட்டுக்கே தீ வைப்பதாகும். கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவை 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதிக வட்டி வசூலித்தலைத் தடை செய்யும் சட்டப்படி குற்றமாகும்.

இரண்டாவது, இதைவிடக் கொடியது. கடன் தருபவர் சிலர், "அடமானம் எதற்கு, கிரயமாகவே எழுதிக் கொடு, பணம் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார்கள். அல்லது பவர் எழுதிக் கேட்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். அடமானம் என்றால் பணத்தைக் கட்டி மீட்கும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் உங்களுக்குத் தருகிறது. அனுபவ பாத்தியத்துடன் கூடிய போக்கியத்தில்கூட, பணத்தைச் செலுத்தி மீட்கும் உரிமை காலம் கடந்ததாலேயே அழிவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் உறுதி செய்தது. கிரயத்துக்கு அந்த உரிமை இல்லை. திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தாலன்றி, அதை அடமானமாகக் கருதச் சட்டம் இடம் தராது. "வாய்ச்சொல்லாகச் சொன்னார்" என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவது மிகக் கடினம்.

மூன்றாவது, தள்ளுபடியை நம்பித் தவணையை நிறுத்துவது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16 லட்சத்து 43 ஆயிரம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அதில் வீட்டுக் கடன் இல்லை. 2020-இல் கொரோனாக் காலத்தில் வீட்டுக் கடன் தவணைகளை ஆறு மாதம் ஒத்திவைக்க அனுமதித்தார்கள். அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு.

அரசு கடனாளிக்குக் கைகொடுத்த காலங்கள் உண்டு. 1930-களின் பெருமந்தத்தில் விளைபொருள் விலை சரிந்து உழவர்கள் நிலத்தை இழந்தபோது, சென்னை மாகாணத்தில் 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் முதல் நாளன்று நிலுவையாக நின்ற வட்டி முழுவதையும் அது நீக்கியது. அசலைப்போல் இருமடங்கு கட்டியவருக்குக் கடனே தீர்ந்தது என்றது. அதே காலத்தில், 1933-இல், அமெரிக்க அரசு ஒரு கழகம் அமைத்து ஏறத்தாழ பத்து லட்சம் வீட்டுக் கடன்களை நீண்ட தவணைக் கடன்களாக மாற்றித் தந்தது. இவை பேரிடர்க் காலத்தில் வந்த பொது ஏற்பாடுகள். அடுத்த மாதம் நம் ஒரு வீட்டுக்காக அப்படி ஒன்று வரும் என்று காத்திருக்க இயலாது.

உதவிக்கு யாரை அணுகுவது?

மதுராந்தகம் நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவும், செங்கல்பட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் உள்ளன. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் வங்கியும் கடனாளியும் ஒப்புக்கொண்டு முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. எனவே கட்ட முடிந்த தொகைக்கு மட்டுமே அங்கே ஒப்புக்கொள்ளுங்கள்.

வங்கிமீது குறையிருந்தால் முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் தக்க பதில் இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக எழுதலாம்.

கடன் தீர்ந்தபின்னும் ஒரு வேலை உண்டு. 2023 டிசம்பர் முதல் உள்ள விதிப்படி, கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரத்தோடு நின்றுவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்து, வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வில்லங்கத்தில் பழைய கடன் நின்றால், பிள்ளைகள் காலத்தில் அது தொல்லையாகும்.

உழவர் பெருமக்களே! இனி அந்த அம்மையாரின் கதையைச் சொல்கிறேன். மறுநாளே கடிதத்துக்கு மறுமொழி எழுதினோம். நிலுவைத் தொகையை எழுத்தில் கேட்டுப் பெற்றார்கள். மகனுக்கு வேலை போயிருந்தது, நகை முன்பே போயிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த சவுக்கை ஓராண்டு முன்னதாகவே வெட்டி விற்று, அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நிலுவை முழுவதையும் கட்டினார்கள். வீடு தப்பியது. இன்னும் ஓராண்டு நின்றிருந்தால் அந்தச் சவுக்கு நல்ல எடை கண்டிருக்கும். முதல் தவணை தவறிய மாதமே வங்கிக்குப் போயிருந்தால், காலத்தை நீட்டித்துக்கொண்டு சவுக்கையும் காத்திருக்கலாம். "ஆறு மாசம் முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமே ஐயா" என்று அவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், சாமி படத்துக்குப் பின்னாலும் பெட்டிக்கு அடியிலும் பிரிக்காத தபால் ஏதும் இருந்தால் எடுத்துப் பிரியுங்கள். தேதியைப் பாருங்கள். நாளை எண்ணுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பள்ளி செல்லும் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு வங்கிக்கோ சட்டப் பணிகள் குழுவுக்கோ புறப்படுங்கள்.